புத்தளக் கரையின் தென்னங்கள்ளும் சாராயமும்

மயக்கந்தரும் பானங்களைப் பற்றிக் கல்லூரி மலரொன்றில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பையும் சிலருக்கு வெறுப்பையும் விளைக்கக்கூடும். எனினும், நாம் வாழும் இக்கரையோரத்தின் பொருளியலையோ, சமூக வரலாற்றையோ, எளிய வேதியியலையோ கற்க விழையும் ஒருவர், தென்னம்பாளையில் தொங்கும் முட்டியைக் கண்டும் காணாதவர்போலக் கடந்து செல்லுதல் இயலாது. அம்முட்டியினுள்ளே ஒரு தொழிலாளியின் உயிரச்சம், ஓர் அரசின் வரிவருவாய், நுண்ணுயிர்களின் வேலை, சமயவாணரின் கண்டனம் ஆகிய நான்கும் ஒருங்கே கலந்து கிடக்கின்றன. குடியைப் போற்றுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று, அறிதலே நோக்கமாகும்.

தமிழிலக்கியம் கள்ளை இருவேறு கண்களால் நோக்கியது. சங்கப் பாடல்களில் கள், நறவு, தேறல், மட்டு என அதற்குப் பல பெயர்கள் உள. அதியமான் இறந்தபோது ஒளவையார் பாடிய கையறுநிலைச் செய்யுளில், சிறிதளவு கள்ளைக்கூடத் தான் உண்ணாது தமக்களித்த அவன் வண்மையே முதற்கண் நினைவுகூரப்படுகின்றது. யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தியதை நக்கீரர் பாடுகின்றார். 1945 ஆம் ஆண்டில் மோட்டிமர் வீலர் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து திராட்சை மது ஏற்றிவந்த இருகைச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. புலவர் வாக்கு வெறுங் கற்பனையன்று என்பது அதனாற் புலனாயிற்று. ஆனால், வள்ளுவர் தம் பொருட்பாலில் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கே ஒதுக்கினார். வடமொழி அறநூல்கள் சுராபானத்தை ஐம்பெரும் பாதகங்களுள் ஒன்றாக வைத்தன. இவ்விரு நோக்குகளும் ஒன்றையொன்று வென்றழிக்காமல் இன்றுவரை நம்மிடையே அருகருகே வாழ்கின்றன. காவல் தெய்வத்தின் படையலிற் சாராயம் வைக்கும் ஊரிலேயே, கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை அதனைத் தொடாத நோன்பும் உண்டு.

இனி நிலத்தை நோக்குவோம். தெற்கே மாஓயா தொடங்கி, மாரவில, சிலாபம், முன்னேஸ்வரம், உடப்பு, முந்தல் வழியாகப் புத்தளம் வரையும், அங்கிருந்து களப்புக்கு அப்பால் கற்பிட்டி வரையும் நீளும் இக்கரை ஒரே தன்மையதன்று. தெற்கே மழை மிகுதி. வடக்கே செல்லச் செல்ல வறட்சி மிகும். இதற்கேற்பத் தெற்கில் தென்னை அடர்ந்து நிற்க, வடக்கே பனையும் அதனோடு கூட்டுச் சேருகின்றது. புத்தளம், குருணாகல், கம்பஹா ஆகிய மூன்று மாவட்டங்களையும் சேர்த்துத் தென்னை முக்கோணம் என வழங்குவர். தென்னை ஆராய்ச்சி நிலையம் 1929 இல் லுணுவிலவிலுள்ள பண்டிரிப்புவத் தோட்டத்தில் அமைந்ததற்கும் இதுவே காரணம். நாத்தாண்டியா, மாரவில, தங்கொட்டுவைப் பகுதிகளில் தேங்காய்க்கென வளர்க்கும் தோட்டங்களுக்கிடையே கள்ளுக்கென விடப்பட்ட மரங்களையும் காணலாம். பிந்தியவற்றை இனங்காண அறிவு மிக வேண்டியதில்லை. அவற்றில் குலை இராது. முடிக்கு முடி கயிறு இருக்கும்.

அக்கயிறுகளைப் பற்றிச் சற்று விரித்துக் கூறல் தகும். தும்பினால் முறுக்கிய கயிறுகள் இரண்டு, மேலொன்றும் கீழொன்றுமாக, ஒரு மரத்தின் தலையிலிருந்து அடுத்த மரத்தின் தலைக்குக் கட்டப்பட்டிருக்கும். சீவல் தொழிலாளி காலையில் ஒரு மரத்தில் ஏறி, கீழ்க்கயிற்றிற் கால்வைத்து, மேற்கயிற்றைக் கையாற் பற்றி, வரிசையிலுள்ள மரங்களையெல்லாம் நிலந்தொடாமலே சுற்றி வருவான். ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி ஏறியிறங்கின் ஒரு நாளிற் சில மரங்களையே கவனிக்க முடியும். கயிற்றுவழியால் அவ்வெண்ணிக்கை பன்மடங்காகின்றது. மழைக்காலத்தில் நனைந்த கயிற்றின் வழுக்கலும், வெயிற்காலத்தில் உள்ளே உக்கிப்போன தும்பும் எத்தகைய இடர் என்பதை நிலத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவரும் உணர்வர். கள்ளின் விலையைப் பற்றிக் குறைகூறுவோர் ஒருமுறையேனும் அவ்வாறு அண்ணாந்து பார்த்தல் நன்று.

பாளை விரிவதற்கு முன்னரே தொழில் தொடங்குகின்றது. மூடிய பாளையை நாரினால் இறுகச் சுற்றிக் கட்டி, கனமான மரக்கட்டையாலோ எலும்பாலோ நாள்தோறும் மெல்லத் தட்டுவர். வலிந்து தட்டினால் பாளை அழுகும். தட்டாது விடின் சாறு ஊறாது. பின்னர் நுனியைச் சீவி, பாளையைச் சிறிது சிறிதாகக் கீழ்நோக்கி வளைப்பர். சில நாட்கள் சென்றபின் வெட்டுவாயிலிருந்து துளித்துளியாகச் சாறு கசியத் தொடங்கும். நாளுக்கு இருமுறை மெல்லிய வில்லையாகச் சீவி வாயைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையெனின் மரம் தன் காயத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். இலைகள் வெயிலில் உண்டாக்கிய சருக்கரை காய்களை வளர்ப்பதற்காகப் பாளை நோக்கிச் செல்லும் வழியில், அதனை இடைமறித்துக் கொள்வதே இத்தொழிலின் உட்பொருளாகும். நல்ல மரம் நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரை தரும். பனை ஒரு பருவத்துக்கே சுரக்க, தென்னையோ ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு பாளை வீதம் ஆண்டு முழுதும் ஈனுவதால் ஓய்வின்றித் தொழில் நடத்த இடமளிக்கின்றது.

இம்முறை மிகப் பழையது. 1344 ஆம் ஆண்டில் இபன் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டுப் பயணி, பத்தாலா என அவர் குறிக்கும் புத்தளத்தில் இறங்கி, அங்கே ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார் என்பது இலங்கை வரலாறு கற்போர் அறிந்ததே. அவர் தம் நூலில், அரேபியக் கரையிலுள்ள ழபார் என்னும் ஊரைப் பற்றிக் கூறுமிடத்து, தென்னையிலிருந்து 'தேன்' எடுக்கும் முறையை விவரித்துள்ளார். காலையும் மாலையும் மரமேறுதல், இரு சிரட்டைகளைக் கொண்டு செல்லுதல், ஒன்றிற் சாற்றை ஏந்தி மற்றதன் நீரால் வெட்டுவாயைக் கழுவுதல், சிறிது சீவி மீண்டும் கலத்தைக் கட்டுதல், திரண்ட சாற்றைக் காய்ச்சிப் பாகாக்குதல் என்று அவர் எழுதியவை நம் சீவல் தொழிலாளர் இன்று செய்வனவற்றோடு பெரிதும் ஒத்திருக்கின்றன. இந்துமாக்கடலின் இரு கரைகளிலும் ஒரே கைவினை வழங்கியமை கருதத்தக்கது.

பாளையினின்று வீழும் துளி கள்ளன்று, இனிய சாறேயாகும். அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்களவு கரும்புச்சருக்கரைக்கு ஒப்பான சருக்கரை உண்டு. முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசினால் அது புளியாது இனிப்பாகவே நிற்கும். அதனைக் காய்ச்சினால் பாணியும், மேலும் இறுகக் காய்ச்சினால் வெல்லமும் பெறலாம். சுண்ணாம்பு இல்லாத முட்டியிலோ, முந்திய நாளின் எச்சத்திலும் காற்றிலும் பூச்சிகளின் காலிலும் உள்ள நொதியங்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. முதலில் சருக்கரை இரு எளிய சருக்கரைகளாகப் பிரியும். பின் அவை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறும். நுரை பொங்குவது அவ்வாயுவினாலேயே. கணக்குப்படி பார்த்தால் நூற்றுக்கு ஒன்பது பங்குக்கு மேலும் மதுசாரம் கிடைக்க வேண்டும். ஆனால், அமிலம் ஆக்கும் பற்றீரியங்களும் அதே விருந்தில் பங்கு கொள்வதால், ஒரு நாட் கழியும்போது ஐந்து முதல் ஏழு பங்குவரையே எஞ்சுகின்றது. மேனாட்டுத் திராட்சை மதுவோ பல திங்களும் பல்லாண்டும் நிலவறையிற் கிடந்து முதிரும். கள்ளுக்கு அத்தகைய முதுமை இல்லை. காலையில் குழந்தை, மாலையில் இளைஞன், மறுநாள் கிழவன் என்றவாறு அதன் வாழ்நாள் கழிந்துவிடும்.

இக்குறுகிய வாழ்நாளே சாராய வடிப்புக்குக் காரணமாயிற்று. கெட்டுப்போகும் பொருளைக் கெடாப் பொருளாக்க வேண்டின், அதன் மதுசாரத்தைப் பிரித்தெடுத்தல் வேண்டும். நீர் நூறு பாகையிற் கொதிக்க, மதுசாரம் ஏறத்தாழ எழுபத்தெட்டுப் பாகையிலேயே ஆவியாகின்றது. இவ்வேறுபாட்டைப் பயன்படுத்தி, செப்புக் கொதிகலத்திற் கள்ளைக் காய்ச்சி, ஆவியைக் குளிரச் செய்து, கிடைத்ததை மீண்டும் ஒருமுறை வடிப்பர். மேனாட்டார் 'அரக்' என்னும் பெயர், வியர்வை எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. குளிர்ந்த குழாயின் சுவரில் முத்து முத்தாக அரும்பும் துளியைக் கண்டவர் அப்பெயரின் பொருத்தத்தை ஒப்புவர். புதிதாக வடித்த சாராயம் நிறமற்றது, கடுமையானது. அதனைச் சிங்களத்தில் ஹல்மில்ல எனவும் தமிழிற் சாவண்டலை எனவும் வழங்கும் மரத்தாற் செய்த பெருந்தாழிகளிலிட்டு முதிரவைப்பர். முற்காலத்து மரவணிகர் இதனைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தனர். ஐரோப்பிய ஓக்கு மரம் தன் மணத்தை மதுவுக்கு மிகுதியாக ஊட்டும். நம் நாட்டு மரமோ அடக்கமுடையது, தென்னையின் மணத்தை மறைப்பதில்லை.

ஒரு சிறு கணக்கு. ஏழு பங்கு மதுசாரமுள்ள கள்ளிலிருந்து முப்பத்தைந்து பங்குள்ள சாராயம் ஒரு லீற்றர் பெற, இழப்பே இல்லையெனினும் ஐந்து லீற்றர் கள் வேண்டும். எனவே, முக்கால் லீற்றர்ப் போத்தலொன்றின் பின்னே ஒரு மரத்தின் இரண்டு மூன்று நாட் சாறும், அத்தனை நாளும் இருமுறை சென்ற ஒருவனின் கயிற்றுநடையும் நிற்கின்றன. சந்தையிற் சில போத்தல்கள் மலிவாக விற்கப்படுவதைக் காணும்போது இக்கணக்கை நினைவிற் கொள்ளல் நலம். அவற்றின் பெரும்பகுதி, கரும்பாலைகளின் கழிவுப்பாகிலிருந்து எடுத்த மதுசாரமாகும். தென்னஞ்சாராயம் அதிற் சிறிதளவே கலந்திருக்கும். சட்டம் அக்கலப்பை அனுமதிக்கின்றது. ஆயினும், 'முழுவதும் தென்னை' என்பதற்கும் 'தென்னை கலந்தது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து வாங்குவோர் சிலரே.

வரலாற்றுக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைச் சாராயம் கடல்கடந்த வணிகப் பொருளாயிற்று. 1667 முதல் 1676 வரை அவர்கள் கட்டிய கற்பிட்டிக் கோட்டை, களப்பின் வாயிலைக் காத்து இக்கரையின் வணிகத்தை அவர்தம் கைக்குள் வைத்தது. ஆங்கிலேயர் அதே ஆதாயத்தைக் குத்தகை முறையாற் பெற்றனர். ஒரு பகுதியில் சாராயம் விற்கும் தனியுரிமை ஏலத்தில் விடப்பட்டது. மிகுதியாகக் கேட்டவர் குத்தகைக்காரரானார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையருள் எழுந்த பெருஞ்செல்வக் குடும்பங்கள் பலவற்றின் முதல் மூலதனம் இக்குத்தகையே என்பதைக் குமாரி ஜயவர்தன 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அச்செல்வம் பின்னர் பெருந்தோட்டமாகவும், காரீயச் சுரங்கமாகவும், பிள்ளைகளின் இங்கிலாந்துக் கல்வியாகவும் உருமாறியது. மரமேறியவனின் பிள்ளைக்கு அத்தகைய உருமாற்றம் வாய்த்ததாகக் கேட்பது அரிது.

1912 ஆம் ஆண்டின் எட்டாம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் பழைய குத்தகையை மாற்றியமைத்தது. கள்ளுத் தவறணைகள் சாராயக் கடைகளினின்று பிரிக்கப்பட்டு நாடெங்கும் ஆயிரத்துக்கு மேல் திறக்கப்படவே, மக்கள் கொதித்தெழுந்தனர். 1904 இல் தோன்றியிருந்த மதுவிலக்கு இயக்கம் புத்துயிர் பெற்றது. அவ்வியக்கத்தில் முன்னின்ற எப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க முதலியோர் 1915 ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறைப்படுத்தப்பட்டனர். அரசியல் விடுதலையுணர்வு இந்நாட்டில் முதலில் மேடையேறியது கள்ளுத் தவறணைக்கு எதிரில் என்று கூறுவது மிகையாகாது. பின்னர் 1974 இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் உருவாகி, 1992 இல் தனியார் கைக்கு மாறியது. வடக்கே திக்கம் வடிசாலை பனஞ்சாராயத்தின் பெயரை நிலைநிறுத்தியது.

இவ்விடத்து ஹங்கேரி நாட்டை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. ஏனெனில், தன் பானத்தைத் தன் மண்ணோடு பிணைத்து மதிப்புத் தேடிக்கொண்ட நாடு அது. அந்நாட்டின் வடகிழக்கே தொக்காய் என்னும் மலைச்சாரலில், போத்ரொக், திசா என்னும் இரு ஆறுகள் கூடுமிடத்தில், இலையுதிர்காலப் பனிமூட்டம் திராட்சைக் கனிகளில் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்க்கின்றது. கனி சுருங்கி, நீர் குன்றி, சருக்கரை செறிந்து நிற்கும். பிறவிடங்களில் அழுகலெனக் கழிக்கப்படுவதை அங்கே ஒவ்வொன்றாகக் கையாற் கொய்து, தேன்போன்ற இனிய மதுவாக்குவர். 1737 ஆம் ஆண்டிலேயே அரசாணை ஒன்றால் அம்மதுவுக்குரிய ஊர்கள் எல்லையிடப்பட்டன. 2002 இல் யுனெஸ்கோ அந்நிலப்பரப்பை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அங்குள்ள வடிபானம் பாலிங்கா எனப்படும். பிளம், அப்ரிக்கொட், ஆப்பிள் முதலிய கனிகளைப் புளிக்கவைத்து, சிறிய செப்புக் கலத்தில் இருமுறை வடிக்கும் மரபு நம் வடிப்பை நினைவூட்டும். 2008 ஆம் ஆண்டின் சட்டம் அப்பெயரை எவை தாங்கலாம், எவை தாங்கலாகாது என வரையறுத்தது. 2010 இல் குடியானவர் தம் தோட்டத்துக் கனியிலிருந்து ஆண்டுக்கு ஐம்பது லீற்றர் வரை வரியின்றி வடிக்கவும் இடமளித்தனர். அவ்வரிவிலக்கு ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானதென 2014 இல் நீதிமன்றம் தீர்த்தது. நாமும் பெயரைக் காக்கும் கலையை அறியாதவரல்லர். இலங்கைக் கறுவா 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவியியற் குறியீட்டைப் பெற்றது.

ஆனால், பெயரைக் காப்பதற்கு முன் பொருளைக் காத்தல் வேண்டும். இங்கேதான் இக்கரையோரத்தின் உண்மையான இடர் உள்ளது. நீரிற் சீனியைக் கரைத்து, நொதியமும் அமோனிய உப்பும் இட்டுப் பொங்கவைத்து, கள்ளெனப் போத்தலில் அடைத்து விற்கும் வழக்கம் பெருகியுள்ளது. அதற்கு மரமும் வேண்டா, கயிறும் வேண்டா, மரமேறுவோரும் வேண்டா. நேர்மையாகச் சீவிய கள் அதனோடு விலையிற் போட்டியிட இயலாது தோற்கின்றது. தவறணைக்கு அப்பால் கசிப்பு என்னும் கள்ளச்சாராயம் களப்போரக் கண்டல்களிலும் பற்றைகளிலும் காய்ச்சப்படுகின்றது. முறையான போத்தலின் மேல் வரி ஏற ஏற, உழைப்பாளி கசிப்பை நாடுகின்றார். மதுவரி உயர்வு குடியைக் குறைக்கும் என்பது ஓரளவு மெய்யே. எங்கே குறைக்கின்றது, எங்கே இடம்மாற்ற மட்டும் செய்கின்றது என்பதைப் பிரித்தறியாமல் வரிப்பட்டியலை எழுதுவது சரியான ஆட்சி ஆகாது.

கள்ளச்சாராயத்தின் கொடிய முகம் மெதனோல் என்னும் நஞ்சாகும். இதுபற்றிய ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் ஆசிரியர் கடன். எந்தக் கள்ளைக் காய்ச்சினாலும் கண் போகும் என்று பலர் நம்புகின்றனர். மெதனோல் பெரும்பாலும் கனிகளின் தோலிலும் சதையிலும் உள்ள பெக்றின் என்னும் பொருளிலிருந்து உண்டாவது. ஆதலால் பாலிங்கா போன்ற கனிவடிப்புகளில் அது சிறிதளவு இயல்பாகவே காணப்படும். ஐரோப்பியர் அதற்கு உச்சவரம்பு விதித்துள்ளனர். தென்னஞ்சாற்றிலோ பெக்றின் மிகக் குறைவு. எனவே, பெருங்கேடு விளைவது பெரிதும் கைத்தொழிலுக்கெனச் செய்த மெதனோலைப் பேராசையாற் கலப்பதனாலேயே. உடலினுள் அது போமிக்கமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். மங்கிய பார்வை, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை சில மணிநேரம் கழித்தே தோன்றும். அத்தாமதத்தை வெறும் வெறியென எண்ணித் தூங்கவிடுதல் கொலைக்கு ஒப்பாகும். காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். 2024 ஆனி மாதத்திற் தமிழ்நாட்டுக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் இவ்வாறே மாண்டனர்.

தமிழ்நாட்டு நிலையும் சிந்தனைக்குரியது. 1937 இல் இராசாசி சேலத்திற் தொடங்கிய மதுவிலக்கு பலமுறை தளர்ந்தும் இறுகியும் வந்துள்ளது. 1987 முதல் அங்கே கள் இறக்குதல் தடைப்பட்டிருக்க, ஆலைகளில் ஆக்கிய மேனாட்டுவகை மதுவை 2003 முதல் அரசே கடை வைத்து விற்கின்றது. மென்மையானதை விலக்கிக் கடுமையானதை விற்கும் இந்நெறியின் நியாயம் எளிதில் விளங்குவதன்று. அண்டை மாநிலமான கேரளத்திற் கள்ளுக்கடைகள் அனுமதியோடு இயங்குகின்றன. மதுவிலக்கை முழுமையாக வேண்டுவோரின் வாதத்தை மதிக்கலாம். தவறணை வாசலில் நாட்கூலியை இழந்த வீடுகளை அறிந்தவர் எவரும் அதனை எள்ளி நகையாடார். ஆனால், மரமேறியை மட்டும் குற்றவாளியாக்கி, ஆலைமுதலாளியைக் கொடையாளியாகப் பாராட்டும் மதுவிலக்கை அப்பெயரால் அழைத்தல் பொருந்தாது.

தேங்காயின் பக்கமிருந்தும் ஒரு வினா எழுகின்றது. சீவிய பாளை காய்க்காது. 2024 இறுதியிலும் 2025 தொடக்கத்திலும் தேங்காய்த் தட்டுப்பாடு வந்து விலை உச்சமேறியபோது, கள்ளுக்கு விடும் மரங்களைப் பலர் பழித்தனர். தோட்டக்காரரின் கணிப்போ வேறு. தேங்காய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பறிப்பில் வருவது. சீவலோ நாள்தோறும் வருவது. காய்ப்புக் குன்றிய மரத்திலும் பாளை சுரக்கக்கூடும். விலையைப் பொறுத்து ஒரே மரத்தை ஓராண்டு காய்க்கும் அடுத்த ஆண்டு கள்ளுக்குமாக மாற்றலாம். ஆனால், மரத்தை மாற்ற முடிந்தாலும் ஆளை உடனே ஆக்க முடியாது. கயிற்றில் நடக்கவும் பாளையின் முதிர்ச்சியைக் கைபட்டதும் உணரவும் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். இளைஞர் அத்தொழிலை நாடாமைக்குக் கூலி ஒரு காரணம். சாதிப்பெயர் சொல்லி அதனை இழிவாகக் கருதிய சமூகம் மற்றொரு காரணம். பிந்தியதை நாம் உரத்துப் பேசுவதில்லை.

கள்ளின் இறுதி வடிவம் ஒன்று எஞ்சியுள்ளது. இரண்டாம் மூன்றாம் நாளில் அதன் மதுசாரத்தை வேறுவகைப் பற்றீரியங்கள் காற்றின் துணைகொண்டு அசற்றிக்கமிலமாக்கத் தொடங்கும். மரப்பீப்பாய்களில் பல வாரம் விட்டு, அமிலம் நூற்றுக்கு நான்கு பங்கானதும் வடித்தெடுத்தால் அதுவே தென்னை வினாகிரி. கள் என்ற சொல்லையே உச்சரிக்காத வீடுகளிலும் அச்சாற்றுக்கும் ஊறுகாய்க்கும் அது புழங்குகின்றது. தொழிற்சாலை அமிலத்தை நீரிற் கலந்து அதே வடிவப் போத்தலில் விற்பதும் உண்டு. அது கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், மூக்கைக் குத்தும், வேறு மணம் இராது. தென்னையினது சற்றே மங்கி, அடியில் மெல்லிய படிவுடன், கள்ளின் பழைய மணத்தைச் சிறிது தாங்கியிருக்கும். கடையில் வாங்கும்போது போத்தலை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்ப்பதோடு, ஒட்டுத்தாளில் எதிலிருந்து ஆக்கப்பட்டது என எழுதியிருப்பதையும் படித்துக்கொள்ளலாம்.